இரங்கல் கூட்டத்துக்கு யார் தலைமை

மே 9, வெள்ளி

நான் விழுந்த செய்தியை இந்நேரம் மாவட்டத்துக் கல்லூரிகளில் பாதி பேசி முடித்திருக்கும். விடைத்தாள் திருத்தும் முகாம், காலை அமர்வு. கழிப்பறைக்குப் போக எழுந்தது நினைவிருக்கிறது. அடுத்த நினைவு கன்னத்தில் தரையின் குளிர்ச்சி. காற்சட்டை நனைந்திருந்தது. நனைத்ததில் பாதி ரத்தம். சுற்றி நின்ற முகங்களில் எனக்கு வேண்டிய முகம் ஒன்றுகூட இல்லை.

தூக்கிக்கொண்டு வந்தவன் தாணுமூர்த்தி. வேறு யாராவது தூக்கியிருந்தால் செத்தே போயிருக்கலாம் என்று தோன்றியிருக்காது. வணிகவியல் துறைத் தலைவன். எங்கள் முதல்வர் இந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பணிமூப்பில் அடுத்தவன் இயற்பியல் துறைத் தலைவனான நான். எனக்கு அடுத்தவன் அவன். என்னைத் தன் காரில் ஏற்றுவதற்கு முன் பின்சீட்டில் செய்தித்தாளை விரித்தான். ஒன்று போதாதென்று இன்னொன்றும் விரித்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார், சீட் கவர் புதுசு."

போகும் வழியில் நான் மயக்கத்தில் இருப்பதாக நினைத்து டிரைவரிடம், "கண்ணாடிய இறக்கி விடுப்பா" என்றான். நான் மயக்கத்தில் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆசுபத்திரி. தனி அறை, ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவர். ஆவுடை மத்தியானம் வந்தாள். என் மனைவிக்கு அவசரத்தில் எது எடுக்கக்கூடாதோ அதைத்தான் எடுக்கத் தெரியும். கம்பளி எடுத்து வந்திருக்கிறாள், மே மாதத்தில். மூக்குக்கண்ணாடி இல்லை. சொல்லி அனுப்பியதால் சவரப் பை மட்டும் வந்தது. அதை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மே 10, சனி

டாக்டர் பீர்முகமது. குடல் வைத்தியர், நாற்பது வயதிருக்கும், மெதுவாகப் பேசுகிறவர். நேற்றே குழாய் விட்டுப் பார்த்துவிட்டார். பெருங்குடலின் உள்தோல் முழுக்கப் புண்ணாம், கிருமியால் வந்ததில்லையாம். இதில் எனக்குப் புதிய செய்தி எதுவுமில்லை. அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெயரை ஆறு வருஷத்துக்கு முன்பே மதுரையில் சொல்லிவிட்டார்கள்.

"தெனமும் போடுற மாத்திரைய எப்ப நிப்பாட்டினீங்க சார்?"

"நிப்பாட்டல. நடுவுல ரெண்டு வேளை மறந்திருக்கும்."

"ரெண்டு வருசமாச்சு டாக்டர்" என்றாள் ஆவுடை.

நான் அவளைப் பார்த்தேன். அவள் சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் என்பது சரிதான். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியான என் மச்சினன் மாசானமுத்துதான் அந்த மாத்திரையை மாதாமாதம் வாங்கிக்கொண்டு வருவான். என் மகள் சுபத்ரா எனக்குத் தெரியாமல் கோயம்புத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டபோது சாட்சிக் கையெழுத்துப் போட்டவனும் அவன்தான். அந்தக் கையால் வாங்கி வரும் மருந்தில் குணமாக வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இதை டாக்டரிடம் சொல்வானேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து சாயங்காலத்துல இருந்து நரம்பு வழியா ஸ்டீராய்டு போகுது. திங்கக்கிழமை உக்காந்து முடிவு பண்ணுவோம். எத்தன தடவ போறீங்க, ரத்தம் எவ்வளவு, நாடித்துடிப்பு, ரத்தத்துல அழற்சி அளவு, எக்ஸ்ரே, இதெல்லாம் பாப்போம். கேக்கலைன்னா இன்னொரு மருந்து ஏத்திப் பாக்கலாம். அதுவும் கேக்கல, இல்ல நடுவுல குடல் வீங்கிருச்சுன்னா, பெருங்குடல எடுத்துட்டு, மலம் போறதுக்கு வயித்துல பை வைக்கணும்."

"பை."

"ஆமா. அத நாங்க தோல்வின்னு நெனக்கிறதில்ல சார். தள்ளிப் போட்டாத்தான் ஆள் போயிருது."

பிறகு விரலை உயர்த்தினார். வலி மாத்திரை கூடாது. போவதை நிறுத்தும் மாத்திரை கூடவே கூடாது. "குடல் அசையாம நின்னு பலூன் மாதிரி ஊதிரும். ஓட்டை விழுந்தா கத முடிஞ்சிது." இதை மூன்று தடவை சொன்னார். நான் முப்பது வருஷம் வகுப்பெடுத்தவன். மாணவன் செய்வான் என்று தெரிந்துகொண்டே ஆசிரியர் சொல்லும் தொனி அது.

சாயங்காலம் நர்ஸ் ஜெபக்கனி வயிற்றுத் தோலில் ஒரு ஊசி போட வந்தாள். ரத்தம் உறையாமலிருக்க என்றாள். ரத்தமாகப் போய்க்கொண்டிருப்பவனுக்கு ரத்தம் உறையாமலிருக்க ஊசியா என்று கேட்டேன்.

"இந்த நோவுல படுத்திருந்தா கால்ல ரத்தம் கட்டிக்கும் சார். அது நெஞ்சுக்குப் போனா அவ்ளோதான். டாக்டர்கிட்டயே கேளுங்க."

கேட்டேன். அவர் அதையே சொன்னார். என்னைவிட ஜெபக்கனிக்கு ஒரு விஷயம் கூடுதலாகத் தெரியும் என்பதை அவள் முகத்திலிருந்து நாலு நாளைக்கு அழிக்க முடியாது.

ஒவ்வொரு தடவையும் நான் போய் வந்ததை ஆவுடைதான் நர்ஸிடம் சொல்ல வேண்டும். அதுதான் இங்கே முறை. இன்று பதினான்கு தடவை. கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு அவளிடம் சொன்னேன்:

"ஏட்டி, கேட்டா பாதியச் சொல்லு."

"பொய்யா சொல்லச் சொல்லுதிய?"

"கணக்கு உனக்கு என்னைக்கு வந்திருக்கு? தப்பாச் சொன்னதா இருக்கட்டும்."

தலையை ஆட்டினாள். ப்ளஸ் டூவில் கணக்கில் தோற்றவள். கல்யாணமான புதிதில் இதை நான் என் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வது உண்டு.

மே 11, ஞாயிறு

வயிற்றில் யாரோ துணி பிழிவதுபோல் வலி. ஆவுடை கழிவறையைக் கழுவிவிட்டு உள்ளேயே வாந்தி எடுத்தாள். சத்தம் கேட்டது. குழாயைச் சரியாக மூடாமல் வந்ததை இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பை வைத்துக்கொண்டு ஒரு கல்லூரியின் முதல்வர் நாற்காலியில் எப்படி உட்காருவது? ஆட்சிக்குழுக் கூட்டத்தில் செயலாளர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அது நிறையும். நாறும். தாணுமூர்த்தி எழுந்து போய் ஜன்னலைத் திறப்பான், எதுவும் சொல்லாமல், எல்லாரும் பார்க்கும்படியாக.

ஆறு வருஷமாக ஒரு வகுப்பின் நடுவிலும் நான் எழுந்து வெளியே போனதில்லை. வகுப்புக்கு முன் நான் செய்துகொள்ளும் ஏற்பாடு அப்படி. துறையில் ஒருவருக்கும் தெரியாது. முகாமுக்கு அன்றைக்கு அதை எடுத்துப் போக மறந்ததுதான் பிசகு. ஆவுடையைக் காப்பி வாங்க அனுப்பினேன். அவள் திரும்பி வர நேரமாகும், கீழே கூட்டம்.

சாயங்காலம் மாசானமுத்து இளநீரோடு வந்தான். அறைக்குள் நுழையும்போதே சிரிப்பு.

"என்ன அத்தான், காலேஜுக்கு லீவு போட வேற வழி கெடைக்கலியா?"

 அவன் அக்காளைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்திக்கொண்டு உட்கார்ந்தான். விஷயத்தோடுதான் வந்திருந்தான்.

"அத்தான், சுபத்ராவுக்கு அடுத்த மாசம் மொத வாரம்னு சொல்லியிருக்காவ. தலைப்பிரசவம். ஆத்தா வீட்டுல வச்சுப் பாக்கணும். அதுக்குத்தான் நீங்க வாசல அடச்சிட்டிய. அக்காவாவது அங்க போயி நிக்கட்டும். மாமியாக்காரி இல்லாத வீடு, பெத்த புள்ள தனியாக் கெடக்கு."

"நான் இங்க சாகக் கெடக்கேன். ஒங்க அக்கா கோயம்புத்தூருல தொட்டில் கட்டணுமோ?"

"யாரு, நீங்களா? எங்க எல்லாத்தையும் வழியனுப்பி வச்சிட்டுத்தானே நீங்க போவிய."

ஊசி மாற்ற வந்த ஜெபக்கனி சிரித்துவிட்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். தலைப்பிரசவத்துக்கு என்று சுபத்ரா என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது, ஆவுடையும் அங்கே போகக் கூடாது என்று பொங்கலுக்கே சொல்லியாயிற்று. சொன்னதை மாற்றுகிறவன் நான் இல்லை. ஆவுடை துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமலிருந்தால் சம்மதம் என்று அர்த்தம். இருபத்தாறு வருஷமாக எனக்குத் தெரியும்.

மே 12, திங்கள்

இன்று காலையிலிருந்து இரண்டே தடவை. நேற்று மத்தியானத்துக்கு மேலேயே குறைய ஆரம்பித்தது. ஸ்டீராய்டு கேட்கிறது. சீட் கவரைக் கழுவி முடித்திருப்பான் தாணுமூர்த்தி, இனி வேறு கவலைப்படட்டும்.

வயிறு மட்டும் இறுக்கமாக இருக்கிறது. காற்று.

அதே நாள், மத்தியானம்

டாக்டர் வந்தார். நான் முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொண்டேன். அவர் எண்ணிக்கையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சட்டையை ஏற்றி வயிற்றைத் தட்டிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை நாலு இடத்தில் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை போலும்.

"தடவ குறைஞ்சிருக்கு. ஆனா நாடி நூத்தி இருபதுக்கு மேல. காய்ச்சல். ரத்தத்துல அழற்சி ஏறியிருக்கு. பொருந்தலையே சார். வேற மாத்திரை எதுவும் போட்டீங்களா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இல்லன்னு சொன்னேன்ல."

அவர் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் கட்டில் மேசையில், மோர்த் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார். என்னுடைய அட்டை, போவதை நிறுத்தும் மாத்திரை. தலையணைக்கு அடியில் கையை விட்டேன். சவரப் பை இருந்தது. அது இருந்த விதம் சரியில்லை.

"எத்தன போட்டிருக்காங்க?" என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை.

"முழு அட்டை டாக்டர். போன வாரந்தான் வாங்குனாவ" என்றாள் ஆவுடை. "எட்டு கொறையுது."

முதல் தடவையாக அவளுக்குக் கணக்கு வந்திருந்தது.

எக்ஸ்ரே எடுக்கக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போனார்கள். தாழ்வாரத்தில் ஆவுடை கட்டிலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் கையைத் தட்டிவிட்டேன். மறுபடி பிடித்தாள், கட்டிலைத்தான், என்னை இல்லை.

மே 13, செவ்வாய்

மூக்கில் குழாய். வாயில் தண்ணீர்கூட இல்லை. அறுவை மருத்துவர் ரெஜினா வந்து நின்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். எப்படிப் போட்டேன் என்பதை எழுதக் கையில் இப்போது பலமில்லை

மே 19, திங்கள்

உயிரோடு இருக்கிறேன். தாணுமூர்த்திக்கு ஏமாற்றம்.

மே 20, செவ்வாய்

பெருங்குடல் போயிற்று. ஆசனவாய்க்கு மேல் ஒரு துண்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சிறுகுடலின் முனை வயிற்றின் வலப்பக்கம் தோலைத் துளைத்துக்கொண்டு சிவப்பாக எட்டிப்பார்க்கிறது, தக்காளி நறுக்கு மாதிரி. அதன்மேல் பை. எப்போது மலம் வெளியே வரும் என்பதை நான் தீர்மானிக்க முடியாது. சில மாதம் கழித்து, உடம்பு தேறினால், உள்ளேயே இணைக்க முயற்சி செய்யலாமாம். "லாம்" என்றுதான் சொல்கிறார்கள்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நடந்ததை எழுதி வைக்கிறேன்.

டாக்டர் ரெஜினா எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருக்க வேண்டிய அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஊதிக் கிடந்தது குடல். "எப்ப வேணா கிழியும் சார். கிழிஞ்சப்புறம் நான் உள்ள போனா பாதிப் பேர் வெளிய வாரதில்ல." நான் வேண்டாம் என்றேன். ஸ்டீராய்டை இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம் என்றேன். மாசானமுத்து கும்பிட்டான். "அத்தான், ஒங்க காலப் பிடிக்கேன்." பிடிக்கவும் செய்தான். நான் வேண்டாம் என்றேன். டாக்டர் பீர்முகமது, நோயாளி நிதானத்தில் இருக்கும்போது அவர் சம்மதம் இல்லாமல் கத்தி வைக்க முடியாது என்று ஆவுடையிடம் சொன்னார்.

ஆவுடை கிட்டே வந்தாள். அழுவாள், தாலியைக் கண்ணில் ஒற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, வீட்டில் பால் தீர்ந்துவிட்டது என்று சொல்லும் குரலில் சொன்னாள்:

"நீங்க போயிட்டா காலேஜுல இரங்கல் கூட்டம் வைப்பாவ. தாணுமூர்த்தி சார்தான் தலைமை தாங்குவாவ."

டாக்டர் ரெஜினா ஆவுடையை ஒரு மாதிரி பார்த்தார். மாசானமுத்து காலை விட்டுவிட்டான்.

எனக்கு அந்த மேடை தெரிந்தது. என் படத்துக்கு அவன் மாலை போடுகிறான். தன் காரில்தான் என்னைக் கொண்டு போனதாக மைக்கில் சொல்கிறான். செய்தித்தாள் விரித்ததைச் சொல்ல மாட்டான்.

பேனாவைக் கேட்டேன்.

அதே நாள், சாயங்காலம்

காயத்தைத் துடைக்கும்போது ஜெபக்கனி வளவளவென்று பேசுவாள். இன்று பேச்சுவாக்கில், "ஒங்க மிஸ்ஸஸுக்குக் கோயில் கட்டணும் சார்" என்றாள்.

"எதுக்கு?"

"நீங்க குறைச்சுச் சொல்லச் சொன்னீங்களாமே. நீங்க சொன்ன அன்னைக்கே என்னத் தனியாக் கூப்பிட்டு, 'நான் அவர் முன்னாடி ஏழுன்னு சொல்லுவேன், நீங்க பதினாலுன்னு எழுதிக்கிடுங்க'ன்னு சொல்லிட்டாங்க. அதனாலதான் திடீர்னு கொறஞ்சதும் டாக்டருக்கு சந்தேகம். அன்னைக்கே ரெஜினா மேடத்துக்கும் சொல்லி வச்சாச்சு. ஒரு நாள் விட்டிருந்தா போயிருப்பீங்க."

என் முன்னால் ஏழு. வெளியே பதினான்கு. என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, மூன்று நாள். இருபத்தாறு வருஷத்தில் இவள் இப்படி எத்தனை இடத்தில் என் முன்னால் ஒன்றும் வெளியே ஒன்றும் சொல்லியிருப்பாள்? சுபத்ராவின் பதிவுத் திருமணம் அன்றைக்கு, தெரியாது, எனக்கு ஒன்றுமே தெரியாது என்று சாமி படத்துக்கு முன்னால் சொன்னாளே.

இதை நான் மறக்கப் போவதில்லை.

மே 21, புதன்

ஆவுடையோடு பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அவள் இன்னும் கவனிக்கவில்லை.

மே 23, வெள்ளி

பை மாற்றப் பழக்கும் நர்ஸ் என்று இங்கே தனியாக ஒருத்தி இருக்கிறாள். நோயாளியோ வீட்டு ஆளோ ஒருவர் தானாக மாற்றிக் காட்டிய பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்களாம். இந்த ஊரில் எல்லா வீட்டிலும் பெண்டாட்டிதான் பழகிக்கொள்கிறாள் என்று அவளே சொன்னாள். சாமான்களைத் தட்டில் பரப்பிவிட்டு ஆவுடையைக் கூப்பிட்டாள்.

"வாங்கம்மா, கையக் கழுவிட்டு வாங்க. பயப்பட ஒண்ணும் இல்ல. சுத்தி வெந்நியில துடைக்கணும், ஈரம் இல்லாம ஒத்தணும், அளவு பாத்து ஓட்டைய வெட்டி ஒட்டணும். அவ்வளவுதான்."

ஆவுடை ஜன்னலோரத்தில் நின்றாள். வரவில்லை.

"அவருக்கே சொல்லிக் குடுங்க சிஸ்டர்."

"அவருக்கும் சொல்லித் தருவேன்மா. ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா..."

"நான் படிக்கல."

"இதுக்குப் படிப்பெல்லாம் வேண்டாம்மா."

"கத்துக்க மாட்டேன்னு சொல்லுதேன் சிஸ்டர். அவருக்குக் கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. என் கைக்கு வேற வேல இருக்கு. அடுத்த மாசம் ஒரு பச்சப்புள்ளைக்குக் கழுவணும்." முந்தானையை இடுப்பில் செருகினாள். "அது, கழுவினா திட்டாது."

பழக்கும் நர்ஸ் தட்டைப் பார்த்தாள். நான் பேசுவதில்லை என்ற முடிவை மறந்து, "ஆம்பள கெடக்கும்போது எங்கட்டி போற?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, மூக்குக் குழாய் கிழித்த தொண்டை.

"சாகக் கெடக்கேன், போகாதன்னிய. சரின்னு நின்னேன். இப்பத்தான் சாகலியே" என்றாள்.

மே 24, சனி

முதல் தடவை நானே மாற்றினேன். ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிட்டேன். கசிந்து சுற்றுத்தோல் தீப்பட்டதுபோல் எரிந்தது. சிறுகுடலிலிருந்து வருவது தோலைத் தின்றுவிடும் என்று பழக்கும் நர்ஸ் சொன்னபோது நான் கவனிக்கவில்லையாம். என்னைப் பின்வரிசைப் பையனைத் திட்டுவதுபோல் திட்டினாள். ஆவுடை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து செல்போனில் சுபத்ராவோடு பேசிக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தக்கூட இல்லை.

மே 26, திங்கள்

தாணுமூர்த்தி ஆப்பிளோடு வந்தான். முதல்வர் பொறுப்பை நிர்வாகம் அவனுக்கே கொடுத்துவிட்டது. "நீங்க திரும்பி வர்ற வரைக்கும்தான் சார்" என்றான். "உங்க உடம்புதான் முக்கியம்." இன்னும் என்னென்னவோ சொல்ல வாயெடுத்தான். அப்போது என் பை சத்தம் போட்டது. நீளமாக, கூட்டத்தில் ஒருவன் எழுந்து ஆட்சேபணை சொல்வதுபோல. என்னால் அதை அடக்க முடியாது, அதற்குத் தசை கிடையாது.

அவன் செல்போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றும் வந்திருக்கவில்லை.

எழுந்து போகும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிட்டுப் போனான்.

மே 28, புதன்

வீடு. மூன்று தடவை தொடர்ந்து கசியாமல் மாற்றிக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். உப்பும் தண்ணீரும் நிறையச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு வற்றிவிடும் என்று டாக்டர் பீர்முகமது சொன்னார். விடைபெறும்போது ஆவுடையைக் கையெடுத்துக் கும்பிட்டார். என்னிடம், "அந்த மாத்திரை மட்டும் இனி வீட்லயே வேண்டாம் சார்" என்றார்.

மே 30, வெள்ளி

மாசானமுத்து ஆட்டோவோடு வந்தான். ஆவுடை இரண்டு பைகளும் ஒரு தூக்குவாளியும் எடுத்துக்கொண்டாள். பிள்ளைக்கு வசம்பு, பழைய சேலைத் துணி, காய்ச்சி ஆறவைத்த எண்ணெய் என்று தம்பியிடம் சொல்லிக்கொண்டே வைத்தாள். என் காதில் விழ வேண்டும் என்றும் இல்லை, விழக்கூடாது என்றும் இல்லை.

"மெஸ்காரர் ரெண்டு வேளையும் சோறு கொண்டாந்திருவாரு. காலையில கஞ்சிதான், உப்பு போட்டுக் குடிங்க. மோர் இருக்கு."

"எப்ப வருவ?"

"புள்ள பொறக்கட்டும்" என்றாள்.

அது பதிலா என்று கேட்பதற்குள் மாசானமுத்து பைகளைத் தூக்கிவிட்டான். வாசலில் நின்று, "வாரேன் அத்தான்" என்றான். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன்.

ஜூன் 2, திங்கள்

முதல்வர் நாற்காலியில் அவன் இன்று உட்கார்ந்திருப்பான்.

ஜூன் 5, வியாழன்

பெண் குழந்தை. மாசானமுத்து போன் செய்தான். எடை சொன்னான், தாயும் பிள்ளையும் நலம் என்றான். "ஒங்க மூக்குத்தான் அத்தான், பாவம்" என்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்கலாம் என்று நினைத்த ஒன்றிரண்டு கேள்விகள், அவன் வைத்த பிறகு நினைவுக்கு வந்தன.

ஜூன் 8, ஞாயிறு

குளித்துவிட்டுப் பை மாற்ற உட்கார்ந்தேன். துடைக்கத் துணி இல்லை. ஆசுபத்திரியில் கொடுத்த பஞ்சு தீர்ந்துவிட்டது. பழையதைக் கழற்றிய பிறகுதான் இது தெரிந்தது. அந்தத் தக்காளி நறுக்கு தன்பாட்டுக்குக் கக்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் செய்தித்தாளை வைத்து ஏந்திக்கொண்டு மறு கையால் ஆவுடைக்குப் போன் செய்தேன். அவள் போன பிறகு நான் செய்யும் முதல் போன்.

"துணி எங்க வச்சிருக்க?"

"என்ன துணி?"

"தொடைக்கிறதுக்கு."

"பீரோவுல கீழ்த்தட்டு. ஒங்க பழைய வேட்டியெல்லாம் கிழிச்சு அடுக்கி வச்சிருக்கேன்."

அதற்குள் அந்தப் பக்கம் குழந்தை அழ ஆரம்பித்தது. இவ்வளவு சின்னத் தொண்டையில் அவ்வளவு கோபம். என் அம்மா சொல்வாள், நானும் அப்படித்தான் அழுவேனாம்.

"இருங்க, புள்ள போயிருச்சு. கழுவிட்டு வாரேன்."

போனை எங்கோ வைத்தாள். வாளியில் தண்ணீர் மொள்ளும் சத்தம். குழந்தையின் அழுகை ஏறி, தண்ணீர் பட்டதும் நின்றது.

"என்னத்துக்கு இந்தக் கோவம்? எங்க ராசாத்திக்கு இன்னைக்கு இது எத்தனாவது தடவ? போ, போ, நல்லாப் போ. ஆச்சி இருக்கேம்லா."

அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். சுபத்ரா பிறந்த வருஷம், அடுத்த அறையிலிருந்து. தூங்க விடு என்று கதவைச் சாத்தச் சொல்வேன்.

சுபத்ராவின் குரல் கிட்டத்தில் கேட்டது. "போன் ஓடிக்கிட்டு இருக்கேம்மா, யாரு?"

"யாருமில்லட்டி. ஒரு துணி எங்க இருக்குன்னு கேட்டாவ. சொல்லிட்டேன். நீ அந்தத் துண்ட எடு."

போனை யாரும் எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை. ஆவுடை என்னவோ பாடிக்கொண்டு நடந்து போனாள். செய்தித்தாள் ஊறிக் கிழிந்து என் தொடையில் ஒட்டியது. நான் காதிலிருந்து எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்து அதுவாகவே அணைந்தது.

துணி அவள் சொன்ன இடத்தில்தான் இருந்தது. என் வேட்டிகள் எல்லாவற்றையும் ஒரே அளவாகக் கிழித்து, ஓரம் மடித்து, தட்டு நிறைய அடுக்கியிருக்கிறாள். இவ்வளவு எதற்கு என்று தெரியவில்லை. எப்படியும் ஒரு வருஷத்துக்கு வரும்.